குழந்தையின் அருகிருக்கை: விமான நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

மதுரை, தூத்துக்குடி விமான நிலையங்களிலிருந்து பயணியர் விமானங்களை இயக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்நிறுவனங்களில் இருக்கை ஒதுக்கீட்டையும் கட்டண விதிகளையும் வகுப்போருக்கும்:

பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அவர்களோடு ஒரே பயணப் பதிவில் செல்லும் பெற்றோர் அல்லது பாதுகாவலருள் ஒருவரேனும் உடனிருக்கும்படி இருக்கை ஒதுக்கப்பட வேண்டும் என்றும், அவ்வாறு ஒதுக்கியதற்கான பதிவு பேணப்பட வேண்டும் என்றும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. இந்திய வான்வழிப் போக்குவரத்தின் ஒழுங்குமுறை அமைப்பான அவ்வியக்குநரகம் இவ்வாணையைத் தனியொரு பாதுகாப்பு விதியாக வெளியிடவில்லை. இருக்கைத் தேர்வு, உணவு முதலியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் பெற நிறுவனங்களை அனுமதிக்கும் சுற்றறிக்கையோடு சேர்த்தே வெளியிட்டது. ஆணை வைக்கப்பட்ட இந்த இடமே அதன் வலிமையைக் குறைத்துவிட்டது என்பது இம்மடலின் கருத்து. குழந்தை பெற்றோரருகே அமர்வது கட்டண விதிகளுக்குள் ஒரு சலுகையாகக் கருதப்படும் வரையில், கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைப்பதாகவும் கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்காததாகவுமே அது இருக்கும். எவரும் கேட்காமலே, பயணச்சீட்டு பதிவாகும் கணத்திலேயே நிறைவேறிவிடும் பாதுகாப்பு விதியாக அது மாற வேண்டும்.

சிக்கலின் வரலாறு நீண்டதன்று. ஒரு காலத்தில் இருக்கையும் உணவும் சுமையும் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன. அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்து, வேண்டுவோர் மட்டும் வேண்டியதற்குத் தனியே பணம் செலுத்தும் முறை, அதாவது கட்டணப் பிரிப்பு, 2013இல் இந்திய நிறுவனங்களுக்கு அனுமதிக்கப்பட்டது. விமான நிலையத்துக்கு வருமுன் இணையத்திலேயே பயணத்தை உறுதிசெய்து இருக்கை பெறும் வெப் செக்-இன் முறையில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டு என்று 2018 நவம்பரில் இண்டிகோ அறிவித்தபோது பயணியரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அமைச்சகம் அதனை ஆராய்வதாகக் கூறியது. விமான நிலைய முகப்பில் கட்டணமின்றி இருக்கை பெறலாம் என்று நிறுவனம் விளக்கமளித்தது. அவ்விளக்கம் தனியாகச் செல்லும் பயணிக்குப் போதுமானதாக இருக்கலாம். இரண்டு குழந்தைகளோடு வரும் தாய்க்கு அது போதாது; ஏனெனில் முகப்புக்கு அவர் வந்து சேரும்போது எஞ்சியிருப்பவை, பிறர் விரும்பாமல் விட்ட, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய நடு இருக்கைகளே.

இந்த ஏற்பாட்டினால் மிகுதியாக இழப்போர் யார் என்பதை ஆலங்குளம் போன்ற ஓர் ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். இது தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் அன்று. அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்பட்ட, வெம்பக்கோட்டை வட்டத்து ஆலங்குளம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை எனப் பரந்து கிடக்கும் பட்டாசுத் தொழில் வட்டாரத்தை ஒட்டிய இவ்வூர்ப் பகுதியிலிருந்து விமானம் ஏறுவோரில் பலர் அடிக்கடி பறப்பவர் அல்லர். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கணவரிடம் பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெண், மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் வீட்டுக்குப் பேரக்குழந்தையோடு செல்லும் மூத்தோர், பயணச்சீட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள டிராவல்ஸ் கடையில் எடுத்துத் தாளில் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்படும் குடும்பம் ஆகியோருக்கு, இருக்கை என்பது சீட்டோடு சேர்ந்தே வருவது என்னும் எண்ணம்தான் இயல்பாக இருக்கும். அரசு பேருந்திலும் தொடர்வண்டியிலும் அவர்கள் கண்டது அதுவே. கைப்பேசித் திரையில் வண்ணம் வண்ணமாக விலையிடப்பட்ட இருக்கைப் படத்தைக் காணும்போது, பணம் கட்டாவிட்டால் குழந்தை தனியே அமர்த்தப்படும் என்று அஞ்சிச் சிலர் கட்டிவிடுகின்றனர். அப்படியொரு படம் இருப்பதையே அறியாத மற்றவர் முகப்பில் நின்று மன்றாட நேர்கிறது. ஆணை நடைமுறையில் இருக்கும்போதே அதை அறியாத பெற்றோரிடமிருந்து அச்சத்தின் பேரில் பணம் வந்து சேருமானால், அப்பணத்தை ஒரு சேவையின் விலை என்று சொல்வது பொருந்தாது.

இவ்வட்டாரத்து மக்களுக்கு, ஒருவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதே பாதுகாப்பு என்னும் உண்மையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைகளை நெறிப்படுத்தும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றையெல்லாம் வகுத்துரைக்கின்றன. மருந்து என்பது இங்கு வெடிக்கலவையைக் குறிக்கும் தொழில்வழக்கு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வெடிவிபத்துக்குப் பின்னும், அதன் பிறகு நேர்ந்த பல விபத்துகளுக்குப் பின்னும், அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய ஆட்களும் மருந்தும் ஒரே இடத்தில் இருந்தமையே மீண்டும் மீண்டும் பேசப்பட்டது. நாள்தோறும் எவ்விபத்தும் நேராமல் வேலை நடப்பதால் அவ்விதிகள் தேவையற்றவை என்று இங்கு யாரும் சொல்வதில்லை. விமான அறைக்குள் குழந்தையின் இடமும் இதே தன்மையுடையதே: நூறு பயணங்களில் பயன்படாமல் போனாலும், ஒரு பயணத்தின் ஒரு நிமிடத்தில் அது உயிரைக் காப்பதாகிறது.

அந்த ஒரு நிமிடத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது அறையின் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், ஒருவர் சுயநினைவோடு செயல்படக்கூடிய காலம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் என்று விமான மருத்துவம் கூறுகிறது. மேலிருந்து தொங்கும் ஆக்சிஜன் முகமூடியை முதலில் நீங்கள் அணிந்துகொண்டு பின்னர்க் குழந்தைக்கு அணிவியுங்கள் என்று ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் பணியாளர்கள் அறிவிக்கின்றனர். குழந்தை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது என்பதை அவ்வறிவிப்பு முன்னரே ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாய் பதினான்காம் வரிசையிலும் ஆறு வயது மகன் இருபத்திரண்டாம் வரிசையிலும் இருந்தால் அவ்வறிவுரையை நிறைவேற்ற வழியே இல்லை. அருகிலிருக்கும் அறிமுகமற்றவர் உதவுவார் என்று நம்பலாமே தவிர, அது அவருடைய கடமை என்று எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

வெளியேற்றமும் இவ்வாறே. அறையிலுள்ள அனைவரும் அவசரவழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளுக்குள் வெளியேற முடியும் என்று மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே பெரிய பயணியர் விமான வகைக்குச் சான்று வழங்கப்படுகிறது. அந்த ஒத்திகைகளில் தம் குழந்தையைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி நடக்கும் தந்தை இருப்பதில்லை. மெய்யான தீயில் அவர் இருப்பார். எந்தப் பெற்றோரும் குழந்தையை விட்டு இறங்கமாட்டார் என்பது மனித இயல்பு. குறுகிய ஒற்றை நடைபாதையில் எதிர்த்து வரும் ஒருவர் தமக்கு மட்டுமன்றிப் பின்னால் வரும் அனைவருக்கும் தடையாவார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து, இரண்டு வயதுக்குட்பட்ட எட்டுக் குழந்தைகள் உட்பட 379 பேரும் உயிரோடு வெளியேறினர். பணியாளர்களின் பயிற்சியும் பயணியரின் ஒழுங்கும் அதற்குக் காரணங்கள் என்று உலகம் போற்றியது. அந்த எட்டுக் குழந்தைகளும் பெற்றோரின் மடியிலேயே செல்லத்தக்க வயதினர் என்பதும் இங்கு எண்ணத்தக்கது. மடியைவிட்டு இறங்கிய மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு ஏன் குறைய வேண்டும் என்பதற்குத் தக்க விடை எதுவும் இல்லை.

விபத்து நேராத பயணங்களிலும் காரணங்கள் குறைவில்லை. விமானம் கீழிறங்கும்போது செவிக்குள் அழுத்தம் மாறி வலி உண்டாகிறது. வளர்ந்தோர் எச்சிலை விழுங்கி அதைச் சரிசெய்துகொள்வர், குழந்தைக்கு அதைச் சொல்லித் தரவும் தண்ணீர் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். காற்றுக் குலுக்கலின்போது இருக்கைப் பட்டையை அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். இவற்றினும் கனமான ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை: ஒரு சிறுமியை முன்பின் அறியாத இருவருக்கு நடுவே, பெற்றோரின் பார்வைக்கு எட்டாத இடத்தில், விளக்குகள் அணைக்கப்பட்ட அறையில் சில மணி நேரம் அமர்த்துவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் போக்சோ என்னும் தனிச் சட்டமே இயற்றிய நாடு இயல்பான ஏற்பாடாகக் கருத முடியாது.

நிறுவனங்களின் தரப்பில் சொல்லப்படும் வாதத்துக்கும் வலு உண்டு. அதைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. கட்டணப் பிரிப்பினால் அடிப்படைக் கட்டணம் குறைந்திருக்கிறது, அக்குறைவினால்தான் ஆலங்குளத்துக் குடும்பமும் இன்று விமானம் ஏற முடிகிறது, குடும்பங்களுக்கு அளிக்கும் இருக்கையின் செலவைத் தனியே செல்லும் பயணி ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவ்வாதம். ஆனால் இங்கே எந்த இருக்கையும் கூடுதலாகத் தேவைப்படவில்லை. நடைபாதையின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள் கொண்ட ஏ320 வகை விமானத்திலும், இருபுறமும் இவ்விரண்டு கொண்ட ஏடிஆர் விமானத்திலும், தாயும் மகளும் அடுத்தடுத்து அமர்ந்தாலும் பத்து வரிசை தள்ளி அமர்ந்தாலும் நிரம்புவன இரண்டு இருக்கைகளே. சன்னலோரத்தையும், கால் நீட்ட இடமுள்ள முன்வரிசையையும், விரைந்து இறங்க உதவும் இடங்களையும் தொடர்ந்து விற்கலாம். அவை விருப்பம் சார்ந்தவை. கடைசியிலிருந்து மூன்றாம் வரிசையின் நடு இருக்கையும் அதனருகிருக்கையும் இணையாகக் கிடைத்தால் அதுவே பெரும்பாலான பெற்றோருக்குப் போதும். சிறு வருவாய் இழப்பு நேருமானால் அதை யார் ஏற்க வேண்டும் என்பதற்கும் இம்மண்ணோடு தொடர்புடைய ஒரு முன்னுதாரணம் உண்டு. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குழந்தையை அபாயத் தொழிலில் ஈடுபடுத்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியாகச் செலுத்த வேண்டும் என்றது. அங்கு நிகழ்ந்தது உரிமை மீறல். இங்குள்ளதை அதனோடு சமப்படுத்துவது மிகையாகும். எனினும் குழந்தையைக் காக்கும் செலவு ஏழைக் குடும்பத்தின் தலையில் விழாமல் தொழிலை நடத்துவோரைச் சாரும் என்ற நெறி அத்தீர்ப்பில் இருக்கிறது.

இதைச் செய்ய நிறுவனங்களுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. பயணியின் வயது பதிவின்போதே கேட்டுப் பெறப்படுகிறது. அந்த வயதைக் கொண்டுதான் அவசரவழியை ஒட்டிய வரிசையில் சிறுவருக்கு இடம் மறுக்கப்படுகிறது. மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே இருப்பதால் ஒரே தொகுதியில் இரண்டு மடிக்குழந்தைகளை அமர்த்தாமல் கணினி தடுத்துவிடுகிறது. வயதைப் பார்த்து ஓரிடத்தில் அமர்த்தக் கூடாது என்று முடிவுசெய்யத் தெரிந்த மென்பொருளுக்கு, அதே வயதைப் பார்த்து ஓரிடத்தில் அமர்த்த வேண்டும் என்று முடிவுசெய்யவும் கற்பிக்கலாம். தேவையானது வரிசைமுறை மாற்றம் ஒன்றே: விலையிட்ட இருக்கைகள் விற்றுத் தீர்ந்தபின் எஞ்சியவற்றில் குடும்பங்களைப் பொருத்த முயல்வதற்கு மாறாக, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இடம்பெற்ற பதிவுகளுக்கு முதலில் இணையிருக்கைகளை ஒதுக்கிவிட்டு ஏனையவற்றை விற்பனைக்குத் திறந்துவிடுவது.

அவ்வாறு செய்யாமையின் சுமை இன்று விமானப் பணிப்பெண்களின் மீதும் சக பயணியரின் மீதும் விழுகிறது. பணம் கொடுத்துச் சன்னலோர இருக்கை பெற்ற ஒருவரை, அழும் குழந்தையைக் காட்டி இடம் மாறச் சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. மறுத்தால் எல்லோர் பார்வையிலும் அவரே கல்நெஞ்சராகிறார். தொடர்வண்டியில் இவ்வாறு மாறிக்கொள்வது நம் மக்களுக்குப் பழக்கமானதுதானே என்று சிலர் கூறுவர். சிவகாசியிலோ இராஜபாளையத்திலோ பொதிகை விரைவுவண்டியில் ஏறும் குடும்பத்துக்குப் படுக்கைகள் வெவ்வேறு இடங்களில் அமைந்தால், பெட்டிக்குள் நடந்து சென்று பேசி மாற்றிக்கொள்ளலாம், முடியாவிட்டால் குழந்தையைத் தம் படுக்கையிலேயே கிடத்திக்கொள்ளலாம். விமானத்தில் அது இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையில் பட்டையால் கட்டுண்டிருக்க வேண்டிய ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான் அபாயம் மிகுதி, பெற்றோர் எழுந்து செல்ல முடியாத நேரமும் அதுவே.

பிற நாடுகள் இதனை எவ்வாறு அணுகின என்பது அறியத்தக்கது. கனடா 2019 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பயணியர் பாதுகாப்பு விதிகளில், ஐந்து வயது நிறையாத குழந்தைக்குப் பெற்றோரின் ஒட்டிய இருக்கை, ஐந்து முதல் பதினொரு வயது வரை அதே வரிசையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளியின்மை, பன்னிரண்டு, பதின்மூன்று வயதினருக்கு ஒரு வரிசைக்கு மேல் விலகாமை என்று தொலைவையே அளவிட்டுக் கூறியது. இதற்குக் கூடுதல் கட்டணம் பெறுவதற்கும் இடமில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 2016இலேயே இதைச் சட்டத்தில் குறிப்பிட்டபோதும் நிறுவனங்களின் விருப்பத்துக்கே பல்லாண்டுகள் விடப்பட்டது. 2023 மார்ச்சில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை, எந்த நிறுவனம் குடும்பத்தைக் கட்டணமின்றிச் சேர்த்து அமர்த்த உறுதியளிக்கிறது என்ற ஒப்பீட்டுப் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பின்னர்ச் சில நிறுவனங்கள் தம் விதிகளைத் திருத்தின.

 இவற்றோடு ஒப்பிடும்போது இந்திய ஆணையில் மூன்று இடைவெளிகள் உள்ளன. முதலாவது, எவ்வளவு நெருக்கம் என்பதை அது அளவிடவில்லை. நடைபாதைக்கு அப்பாலும் முன் வரிசையிலும் அமர்த்திவிட்டு நிறைவேற்றியதாகப் பதிவுசெய்ய இடமிருக்கிறது. மூன்று குழந்தைகளோடு வரும் ஒரு தாயை நால்வராக ஒரே தொகுதியில் அமர்த்த இயலாது என்பது மெய்யே; அப்போது மிக இளைய குழந்தைகளுக்கு ஒட்டிய இடமும் மூத்ததற்கு நடைபாதையின் எதிர்ப்புறமும் என்று கனடாவைப் போல வயதுவாரியாக வரையறுக்கலாம். இரண்டாவது, பி.என்.ஆர். எனப்படும் பயணப் பதிவு எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. திருமணத்துக்கோ கோயிலுக்கோ செல்லும் பெரிய குடும்பத்தின் சீட்டுகள், ஒரு பதிவில் அடங்கக்கூடிய எண்ணிக்கை கடந்ததும் இரண்டாகப் பிரிகின்றன. தந்தையின் சீட்டை அவருடைய நிறுவனம் எடுத்திருக்க, குழந்தையின் சீட்டைக் குடும்பம் எடுத்திருக்கும். பெயரையும் வயதையும் காட்டி இரு பதிவுகளை இணைத்துக்கொள்ளும் வசதி கட்டணமின்றி, தமிழிலும் பேசக்கூடிய தொலைபேசி வழியாகவும் கிடைக்க வேண்டும். மூன்றாவது, மாற்று விமானம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதைப் போன்ற நெருக்கடிகளில், வேறு விமானத்துக்கு மாற்றப்படும் பயணியருக்கு இருக்கைகள் புதிதாக ஒதுக்கப்படுகின்றன. பெரிய விமானத்துக்குப் பதிலாகச் சிறிய விமானம் வரும்போதும் அவ்வாறே. முன்பு சேர்ந்திருந்த தாயும் சேயும் அந்த ஒதுக்கீட்டில் பிரிக்கப்படக் கூடாது என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பாதுகாவலர் என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதிலும் தாராளம் தேவை. பெற்றோர் இருவரும் ஆலை வேலைக்கும் அச்சக வேலைக்கும் செல்லும் இவ்வட்டாரத்தில், குழந்தையை வெளியூருக்கு அழைத்துச் செல்வது பெரும்பாலும் அம்மாச்சியோ தாத்தாவோ சித்தியோ தாய்மாமனோதான். அவர்களிடம் உறவை மெய்ப்பிக்கும் சான்று கேட்டு முகப்பில் நிறுத்தாமல், ஒரே பதிவில் வரும் வளர்ந்தவர் எவரையும் பாதுகாவலராக ஏற்க வேண்டும்.

பெற்றோர் தரப்பிலும் செய்ய வேண்டியவை உண்டு. குழந்தையின் பிறந்த தேதியைச் சரியாகத் தருவதும், ஒருவருக்கு மட்டும் மலிவாகக் கிடைத்தது என்பதற்காகக் குழந்தையின் சீட்டை வேறு பதிவில் எடுக்காமலிருப்பதும், விமான நிலையத்துக்கு நேரத்தோடு வந்து சேர்வதும் அவர்களுடைய பொறுப்பு. சீட்டு எடுத்துத் தரும் டிராவல்ஸ் கடைகளுக்கு இதனை அறிவிப்பதும், பணம் கட்டும் திரையில் இருக்கைப் படத்துக்கு மேலேயே, இப்பதிவிலுள்ள குழந்தைக்குப் பெற்றோரருகே கட்டணமின்றி இடம் ஒதுக்கப்படும் என்று தமிழில் எழுதிவைப்பதும் நிறுவனங்களுக்கு எளிது. அவ்வொரு வரி, தேவையற்ற அச்சத்தால் நிகழும் பெரும்பாலான செலவைத் தடுத்துவிடும்.

நிறைவாக, ஆணை கேட்கும் பதிவேட்டைப் பற்றிய ஒரு கோரிக்கை. ஒவ்வொரு நிறுவனமும் பேண வேண்டிய அப்பதிவேடு இன்று இயக்குநரகத்தின் ஆய்வாளர் கேட்டால் காட்டுவதற்கான கோப்பாகவே இருக்கிறது. நேரந்தவறாமை, ரத்துகள், பயணியர் புகார்கள் ஆகியவற்றை இயக்குநரகம் மாதந்தோறும் நிறுவனவாரியாக வெளியிடுவதைப் போல, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பயணியர் எத்தனை பேர், அவர்களுள் பெற்றோரை விட்டு விலகி அமர்த்தப்பட்டவர் எத்தனை பேர், அதற்கான காரணம் என்ன என்பனவற்றைத் தங்கள் நிறுவனங்கள் தாமே முன்வந்து வெளியிட வேண்டும். அடுத்த கோடை விடுமுறைக்கான பதிவுகள் தொடங்குமுன் முதல் அறிக்கை வருமானால், மே மாதத்துக்குச் சீட்டு எடுக்கும் குடும்பங்கள் அதைப் பார்த்தே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க இயலும்.